சிவப்புக் காரின் வலது மூலை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே சாலை திரும்பும் இடத்தில், சிவப்பு நிறச் சிறிய கார் ஒன்று சைக்கிளில் வந்துகொண்டிருந்த தையல்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனது.

வெள்ளிக்கிழமை காலை அப்படி ஒரு சிவப்புக் கார் காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், மண்ணோடு மண்ணாகிப்போன பழைய வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகக் கிளம்பியவள் வழி தவறி இங்கே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஹாரனுக்குத் தோன்றியது. சொல்ல வாய் திறந்தவர், பக்கத்தில் நின்ற காரின் சொந்தக்காரி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். ஹாரன் வாயை மூடுவது அபூர்வம். இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர். வண்டியில் ஹாரன் அடிப்பதைவிட வாயால் அடிப்பதே அதிகம் என்று ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. இப்போது அவர் வேலை செய்வது சர்வேயர் அம்மாவிடம். அந்த அம்மாள் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி எப்படிப் பட்டது என்று சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அடிபட்ட இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதவர்.

காருக்குச் சொந்தக்காரி பல் மருத்துவரிடம் நர்ஸாக இருக்கிறாள். அவள் வாங்கிய முதல் கார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய தம்பி, உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

நடந்ததை இன்ஸ்பெக்டர் நின்றபடியே சொன்னார். இடித்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தது. பம்பரில் ஃபாக் லைட்டைச் சுற்றி இருக்கும் வளையத்தின் துண்டு. சாலைக்கு எதிரே பெட்ரோல் பங்க்கில் இருந்தவர், நம்பரைப் பார்க்கவில்லை, ஆனால் கார் புத்தம் புதுசு, சீட்டில் பாலிதீன் உறை பளபளத்தது என்றார். அந்தச் சிவப்பு இந்த வருடம்தான் வந்த நிறம். ஷோரூமில் விசாரித்ததில் மேலாளர் மறைக்காமல் சொல்லிவிட்டார், இந்த ஊரில் அந்த நிறத்தில் டெலிவரி ஆனது ஒரே ஒரு கார். போய்ப் பார்த்தால் பம்பரின் இடது பக்கம் விரிசல், வளையத்தில் ஒரு துண்டு இல்லை, போதாததற்குச் சைக்கிளின் நீலப் பெயிண்ட் தீற்றல். கையில் இருந்த துண்டை வைத்துப் பார்த்தார்கள். பல் செட் மாதிரி பொருந்தியது.

"துண்டு பொருந்தின பிறகு பேச என்ன இருக்கு மேடம்? நாளைக் காலைல கோர்ட்ல நிறுத்தப் போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு நகரப் பேருந்தில் ஓட்டுநர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இடித்துவிட்டு ஓடினான் என்று வழக்குப் பதிவானால் எந்தப் பேருந்தின் ஸ்டியரிங்கையும் அவன் தொட முடியாது.

தம்பி சொல்வது வேறு. செவ்வாய்க்கிழமை மாலை காரை எடுத்துக்கொண்டு போனது உண்மை. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தானாம். எதற்கு? சும்மா, ஓட்ட நன்றாக இருந்தது. எங்கே நிறுத்தினாய்? எங்கேயும் இல்லை. யார் பார்த்தார்கள்? யாரும் இல்லை. மறுநாள் புதன்கிழமை விடியற்காலையிலேயே முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு ஷோரூமில் விட்டான், இருட்டும் நேரத்தில் எடுத்து வந்தான். பம்பர் எப்போது உடைந்தது என்று அவனுக்குத் தெரியாதாம்.

ஹாரனுக்கு அந்தப் பையனை நம்பத்தான் ஆசை. புது வண்டியைச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காதவன் டிரைவரே இல்லை. ஆனால் ஷோரூம் மேலாளர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வண்டி சர்வீஸுக்கு வரும்போதே பம்பர் உடைந்திருந்தது, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க எப்பம்மா பாத்தீங்க?" என்று சர்வேயர் அம்மாள் நர்ஸைக் கேட்டார்.

அவள் தினமும் காலையில் காரைத் துடைப்பாளாம். செவ்வாய்க்கிழமை காலை துடைத்தபோது நன்றாக இருந்தது. புதன்கிழமை அவள் எழுந்திருக்கும் முன்பே கார் சர்வீஸுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை துணியோடு போய் முன்பக்கம் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பியை எழுப்பிக் கேட்டாள். அவன் தெரியாது என்றான். அன்று மதியம் இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது, பார்த்ததைப் பார்த்தபடி அவரிடம் சொல்லிவிட்டாள்.

"தம்பியை நீங்களே மாட்டி விட்டுட்டீங்க" என்றார் ஹாரன்.

"கேட்டாங்க, சொன்னேன். ஒருத்தர் காலு உடைஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கறாருங்க." அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "அவன்தான் செஞ்சான்னா அவனைக் காப்பாத்தச் சொல்லி உங்களைக் கூப்பிடல. அவன்தானான்னு எனக்குத் தெரியணும். அவன் கையால சாப்பாடு வாங்கிச் சாப்பிட முடியல நேத்து."

சர்வேயர் அம்மாள் காரைச் சுற்றி வந்தார். அவர் உடைந்த இடத்தை முதலில் பார்ப்பதில்லை. அதை எல்லோரும்தான் பார்த்துவிட்டார்களே என்பார். பின் சீட்டைத் தடவினார். பாலிதீன் உறை இல்லை.

இடித்த பிறகு கழற்றிப் போட்டிருப்பான் என்றார் இன்ஸ்பெக்டர். நர்ஸ் இல்லை என்று தலையாட்டினாள். வாங்கிய அன்றே அவள்தான் கிழித்துப் போட்டாளாம், உட்கார்ந்தால் நொறுக்குத் தீனிப் பொட்டலம் மாதிரி சத்தம் போடுகிறது என்று. தம்பி அதற்கே சண்டை பிடித்தானாம்.

"அக்கா சொல்ற சாட்சியை கோர்ட் எங்க நம்பும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பிக்கு எதிரா சொன்னப்ப நம்பினீங்களே" என்றார் ஹாரன். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில், ஹாரன் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

சர்வேயர் அம்மாள் அதற்குள் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்திருந்தார். காரோடு கொடுத்த கையேடு, பிரிக்காத முதலுதவிப் பெட்டி, துடைக்கும் துணி. துணிக்குள் சுருட்டி வைத்த ஒரு நெயில் பாலிஷ் குப்பி. சிவப்பு. பாதிக்கு மேல் காலி.

ஹாரனின் கண் தானாகவே நர்ஸின் விரல்களுக்குப் போனது. ஒட்ட வெட்டிய நகங்கள், ஒரு பொட்டுச் சாயம் இல்லை. நாள் முழுக்கக் கையுறை போட்டு அடுத்தவர் வாய்க்குள் கைவிடும் வேலை.

"உங்களுதா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மாள்.

"இல்லை." பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்தது. "எனக்குத் தெரியாது. யாருதுன்னு தெரியல."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையன் தனியாகத்தான் சுற்றினானா என்று இப்போது கேட்கலாம் என்றார். தம்பியை வெளியே வரவழைத்துக் குப்பியைக் காட்டினார்கள். தூக்கம் இல்லாத கண்களோடு அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் வாழ்க்கையில் நெயில் பாலிஷ் போட்ட யாரும் தன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாரனின் சந்தேகம் அங்கேதான் தடம் மாறியது. தம்பி குழம்பினான், அக்கா பயந்தாள். கார் சாவி இரண்டு. ஒன்று அவளிடம். செவ்வாய்க்கிழமை மாலை தம்பி வண்டியை விட்ட பிறகு, அவள் எடுத்திருந்தால்? இடித்துவிட்டு வந்து, நேர்மையானவள் மாதிரி முதல் ஆளாய்ப் போலீஸிடம் சொன்னால், யார் அவளைச் சந்தேகப்படுவார்கள்? சர்வேயர் அம்மாளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"மேடம், நம்மள கூப்பிட்டதே நாம தம்பியைப் பாத்துக்கிட்டிருக்கணும்னுதான். இந்த அம்மாகிட்ட ஏதோ இருக்கு."

"இருக்கு" என்றார் அவர். "அது என்னன்னுதான் பாக்கறேன்."

கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, குப்பியின் தூரிகையால் அதன் பின்பக்கம் ஒரு கோடு இழுத்தார். ஊதிக் காயவைத்தார். டிக்கெட்டைக் காரின் கதவில் ஒட்டினாற்போல் பிடித்தார். ஹாரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். டிக்கெட் எங்கே முடிகிறது என்பது தெரிந்தது, கோடு எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை.

"எந்தப் பொண்ணும் கார் கதவுக்குப் பொருத்தமா நகத்துக்கு நிறம் தேட மாட்டா" என்றார் சர்வேயர் அம்மாள். நர்ஸிடம் போய், குரலைத் தாழ்த்தாமல், இன்ஸ்பெக்டருக்கும் தம்பிக்கும் கேட்கும்படியே கேட்டார். "எங்க இடிச்சீங்கம்மா?"

நர்ஸின் முகம் சுண்டிப்போனது. தம்பி நிமிர்ந்தான்.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். கார் வந்த மூன்றாம் நாள். கிளினிக் வாசலில் திருப்பும்போது கேட் தூணில் உரசிவிட்டாள். தூணில் பழைய கேட்டின் கொண்டி ஒன்று இரண்டு பல்லோடு நீட்டிக்கொண்டிருக்கும். பம்பரின் வலது மூலையில், கீழே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு. அதற்கு முந்தின நாள்தான் கதவை ஓங்கிச் சாத்தினான் என்று தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். செருப்பைத் தட்டிவிட்டு ஏறு, கண்ணாடியில் விரல் படாதே, உனக்கு அரசாங்க பஸ்தான் லாயக்கு. இவ்வளவும் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு அவனிடம் போய்க் கீறலைக் காட்டுவது? ஊரில் இருக்கும் ஃபேன்சி கடை ஒவ்வொன்றாக ஏறி, கைப்பேசியில் எடுத்த காரின் படத்தைக் காட்டி அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்தாள். கீறலுக்குள் தூணின் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது. தேய்த்தால் பெரிதாகிவிடுமோ என்று பயந்து, அதன் மேலேயே பூசி மறைத்துவிட்டாள்.

"அப்புறம் நானே அந்தப் பக்கம் பாக்கறதை விட்டுட்டேன்" என்றாள். "துடைக்கறப்பகூட வலது மூலைய மட்டும் பாக்காமத் துடைப்பேன்."

ஹாரனுக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் இன்னொரு பக்கம் ஏமாற்றமாகவும் இருந்தது. நல்லதொரு குற்றவாளியை எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது ஒரு கேட் தூண்.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, வலது பக்கக் கீறலுக்கும் இடது பக்க விரிசலுக்கும் என்ன சம்பந்தம் என்றார்.

"சம்பந்தம் இருக்கான்னு பாக்கலாம். நீங்களே காட்டுங்கம்மா, அந்தக் கீறலை."

நர்ஸ் காரின் முன்னால் மண்டியிட்டாள். வலது மூலையைக் கையால் தடவினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கைப்பேசி விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தாள். விரலை ஓட்டிய இடமெல்லாம் வழுவழுவென்று போனது. அவள் திரும்பியபோது வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இங்கதான் இருந்துச்சு. இப்ப காணோம்."

பாலிஷைச் சர்வீஸில் கழுவியிருக்கலாம், ஆனால் கீறலைக் கழுவ முடியாது. ஹாரனும் குனிந்து அந்த மூலையைத் தடவிப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், உங்க துண்டு இந்த பம்பரோடதுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார் சர்வேயர் அம்மாள். "பம்பர் இந்தக் காரோடது இல்லை. ஷோரூம்ல வித்தது எத்தனைன்னு கேட்டீங்க. அங்க இருக்கறது எத்தனைன்னு கேட்டீங்களா?"

*

ஷோரூமுக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். நர்ஸும் இன்ஸ்பெக்டரும் தெருமுனையில் ஜீப்பில் இருந்தார்கள். வருவதற்கே இன்ஸ்பெக்டருக்கு மனமில்லை. ஒரு மூலைக் கீறலை நம்பி வழக்கைக் கலைக்க முடியாது என்றார். கலைக்க வேண்டாம், கொஞ்சம் காற்று வாங்குங்கள் என்று சர்வேயர் அம்மாள் சொல்லியிருந்தார்.

உள்ளே கண்ணாடிச் சுவர்களும் புது ரப்பர் வாசனையும் குளிர்சாதனக் காற்றும். மேலாளர் கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, இனிமையான பேச்சு. என் தம்பிக்கு ஒரு சின்ன கார் பார்க்க வேண்டும் என்றார் சர்வேயர் அம்மாள். தம்பியாகப் பதவி உயர்வு பெற்ற ஹாரன் தோளை நிமிர்த்திக்கொண்டார். மேலாளர் மைலேஜ், இடவசதி, பூட்டில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று அடுக்கினார். ஹாரன் ஒவ்வொரு காரிலும் ஏறி, முழங்கால் இடிக்கிறது, தலை தட்டுகிறது, அக்காவுக்குப் பின்னால் உட்கார இடம் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். இருபது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய மனிதருக்கு இது பெரிய விருந்தாக இருந்தது.

"அந்தப் புதுச் சிவப்பு இருக்கே, அதுல ஓட்டிப் பாக்கணும்" என்றார் சர்வேயர் அம்மாள்.

மேலாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் ஒரு கணம் பின்கதவுக்குப் போய் வந்தது. சிவப்பில் டெஸ்ட் டிரைவ் வண்டி இப்போது இல்லை, வெளியூர்க் கிளைக்குப் போயிருக்கிறது, சாம்பல் நிறம் ஓட்டிப் பாருங்கள், எல்லாம் ஒரே எஞ்சின்தான் என்றார்.

ஹாரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறை எங்கே என்று கேட்டார். காட்டிய வழியில் போனவர், அதைத் தாண்டி, பின்கதவைத் தள்ளிக்கொண்டு பணிமனைக்குள் போனார். இரண்டு மெக்கானிக்குகள் லிஃப்ட்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசி மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாம்பல் நிறப் படுதா போர்த்திய ஒரு கார் நின்றது. படுதாவின் ஓரத்தைத் தூக்கினார். சிவப்பு. சீட்டு முழுவதும் பாலிதீன் உறை. வருகிறவர்கள் அழுக்காக்காமல் இருக்க டெஸ்ட் டிரைவ் வண்டியில் அதைக் கழற்றவே மாட்டார்கள் என்பது ஹாரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விசில் அடித்தார். அதுதான் பேசிவைத்த அடையாளம்; முன்னால் நின்ற சர்வேயர் அம்மாள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மேலாளர் படுதா போர்த்திய காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. வெளியூரிலிருந்து நேற்றுதான் வந்தது, தனக்கே இப்போதுதான் தெரியும் என்றார். பாருங்கள் சார், முன்பக்கம் ஒரு சிராய்ப்பு உண்டா என்று அவரே படுதாவை இழுத்துவிட்டார்.

உண்மைதான். முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஃபாக் லைட் வளையம் இரண்டும் முழுசாக இருந்தன. இன்ஸ்பெக்டர் சர்வேயர் அம்மாளைப் பார்த்தார்.

சர்வேயர் அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வலது மூலையில் மெதுவாக உட்கார்ந்தார். வரும் வழியில் வாங்கிய நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைத் திறந்து பஞ்சில் நனைத்தார்.

"கம்பெனி பெயிண்ட்டைக் கெடுக்கறீங்க" என்றார் மேலாளர்.

"கம்பெனி பெயிண்ட்டா இருந்தா இவ்வளவு சுலபமா வராது."

பஞ்சு சிவந்தது. மேலாளர் உடனே, எங்கள் பையன்கள் ஏதாவது டச்-அப் செய்திருப்பார்கள், ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் எங்கேயாவது உரசுவது வழக்கம்தான் என்றார். இருக்கலாம் என்று சர்வேயர் அம்மாளும் ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு முறை தேய்த்துவிட்டு எழுந்து, இன்ஸ்பெக்டருக்கு வழிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு. இரண்டுக்கும் உள்ளே மஞ்சள்.

காலையில் முற்றத்தில் நின்று நர்ஸ் சொன்னதை அவர் தன் காதாலேயே கேட்டிருந்தார். அவர் அதிக நேரம் குனிந்தே இருந்தார். ஹாரன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "கொண்டிக்கு ரெண்டு பல்லு. நர்ஸம்மாவுக்குப் பல்லோடதான் எப்பவும் வேலை" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப்பிலிருந்து நர்ஸை அழைத்து வந்தார்கள். அவள் வலது மூலையைப் பார்த்தாள், கையால் தொட்டாள். இது என் கார் இல்லை, இது என் பம்பர் என்றாள்.

மேலாளர் யார் முகத்தையும் பார்க்காமல், தெருவில் எத்தனையோ மஞ்சள் தூண்கள் இருக்கின்றன என்றார். இந்த முறை குரலில் இனிமை இல்லை. லிஃப்ட்டுக்குக் கீழே இருந்த மெக்கானிக்குகளில் மூத்தவர் கையைத் துணியில் துடைத்தபடி முன்னால் வந்தார்.

"சார், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, நான் சொல்லிடறேன்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "டெஸ்ட் டிரைவ் வண்டியை சாயங்காலத்துல வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது மேனேஜர் சார்தான். புதன்கிழமை அந்தம்மா கார் சர்வீஸுக்கு வந்தப்ப, ரெண்டு பம்பரையும் மாத்திப் போடுன்னாரு. கம்பெனிகிட்ட புதுசு கேட்டா காரணம் கேப்பாங்க, கஸ்டமருக்கு அப்புறமா மாத்திக் கொடுத்துக்கலாம்னாரு. ஆளு மேல ஏத்தினதுன்னு எங்களுக்குத் தெரியாது சார்."

மேலாளர் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். இளைய மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மாலையில் தம்பியை விடுவித்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே அக்கா காத்திருந்தாள். பம்பர் இரண்டும் வழக்குக்கு வேண்டும் என்று போலீஸ் கழற்றி வைத்துக்கொண்டதால், சிவப்புக் கார் முன்பல் விழுந்த முகத்தோடு வாசலில் நின்றது. அவள் சாவியை அவனிடம் நீட்டினாள். நீயே ஓட்டு என்றாள்.

"நீ போலீஸ்ல சொன்னது தப்பில்லக்கா" என்றான் தம்பி. "எங்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

சாவியை வாங்காமல் எதிர்ப்பக்கம் நடந்து, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸில் ஏறிப் போனான்.

ஹாரன்தான் அந்தக் காரை நர்ஸின் வீடுவரை ஓட்டிக்கொண்டுபோய் விட்டார். வழியில் ஒருமுறைகூட அவர் ஹாரன் அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை மேலாளர் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். தையல்காரருக்கு அன்று தொடையில் அறுவை சிகிச்சை நடந்தது. தம்பி திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான்.